மணியைப் போய்ப் பார்க்கலாமா?

'நாய் நன்றியுள்ள பிராணி. அதற்கு நான்கு கால்களும் ஒரு வாலும் உண்டு. அது வீட்டைக் காக்கும்.' இரண்டாம் வகுப்பில் இக்கட்டுரையை எழுதாதவர் நம்மில் எவரும் இலர். பத்து வரிக்குப் பத்து மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். ஆனால் அந்தப் பத்து வரிகளில் நாம் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. நன்றியுள்ள அந்தப் பிராணியை விட்டுவிட்டு வீட்டார் வேறு ஊருக்குப் போய்விட்டால் அது என்ன செய்யும்? பல ஆண்டுகள் கழித்து அவர்கள் வந்து நின்றால் அடையாளம் கண்டுகொள்ளுமா? கண்டுகொள்ளுமானால், அதைப் போய்ப் பார்ப்பது அதற்கு நன்மையா, தீமையா?

தோழியரே, இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று. எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் தந்தையர் ரயில்வே, வங்கி, காவல்துறை, மின்வாரியம் என்று மாற்றலுக்குரிய பணிகளில் இருப்பவர்கள். இன்னும் சிலர் விடுதியில் தங்கிப் படிக்கிறோம். மே மாதத்தில் மாற்றல் உத்தரவு வரும். லாரி வாசலில் வந்து நிற்கும். கட்டில், பீரோ, கிரைண்டர், அம்மாவின் ரோஜாத் தொட்டிகள் யாவும் ஏறும். ஏறாத ஒரே உருப்படி நாய்தான். அது லாரியைச் சுற்றிச் சுற்றி வந்து சக்கரங்களை மோந்துகொண்டிருக்கும். பால்காரரிடமோ பக்கத்து வீட்டாரிடமோ "கொஞ்சம் சோறு போடுங்க" என்று சொல்லிவிட்டு நாம் கிளம்பிவிடுவோம். பிறகு புது ஊர், புதுப் பள்ளி, புதுச் சீருடை. அந்தச் சோறு விழுகிறதா என்று யார் கேட்டார்கள்?

இவ்வாண்டு ஒரு மதிய உணவு வேளையில் இது பற்றி எங்களுக்குள் பெரும் வாக்குவாதமே எழுந்தது. எங்கள் தோழி ஒருத்திக்கு அவளுடைய பழைய ஊரில் ஓர் உறவினர் திருமணம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே விட்டுவந்த மணியைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வீட்டிலோ தாத்தா தடுத்தார். "போகாதே கண்ணு. அது இப்பத்தான் உன்னை மறந்து நிம்மதியா இருக்கும். நீ போய் நின்னா மறுபடி ஏங்கிப் போயிடும். சோறு தின்னாது" என்றாராம். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. தாத்தா சொல்வதே சரி என்று ஒரு சாரார். போகாமலிருப்பது கல்நெஞ்சம் என்று மற்றொரு சாரார். மணி அடித்து ஆசிரியை வந்து நின்ற பிறகுதான் ஓய்ந்தோம். அதன்பின் நூலகத்தில் தேடிப் படித்தும், வீட்டில் பெரியவர்களைக் கேட்டும் எங்களுக்குள் ஒருவாறு ஏற்பட்ட கருத்தையே இங்கு எழுதுகிறோம்.

தாத்தாவின் வாதத்தில் ஒரு பாதி, நாய் மறந்திருக்கும் என்பது. அதுதான் முதலில் தவறு என்று நினைக்கிறோம்.

இதைச் சோதித்துப் பார்த்தவர் வேறு யாருமல்லர், சார்லஸ் டார்வின்தான். 1831 டிசம்பர் 27இல் அவர் ஏறிப் புறப்பட்ட கப்பல் 1836 அக்டோபர் 2இல்தான் இங்கிலாந்து திரும்பியது. (அக்கப்பலின் பெயரான 'பீகிள்' என்பதும் ஒரு வேட்டைநாய் இனத்தின் பெயரே!) அவருக்கு ஒரு நாய் இருந்தது. அது முரட்டு நாய். அந்நியர் எவரையும் அண்டவிடாது. ஐந்து ஆண்டும் இரண்டு நாளும் பிரிந்திருந்த பின், அதன் நினைவாற்றலைப் பரிசோதிக்க வேண்டும் என்றே டார்வின் அது இருந்த குதிரை லாயத்தருகே போய், பழைய வழக்கப்படி குரல் கொடுத்தார். நாய் துள்ளவில்லை; மகிழ்ச்சி எதையும் காட்டவில்லை. எழுந்து வந்து அவர் பின்னே நடந்தது. அரைமணி நேரத்துக்கு முன்தான் பிரிந்தது போல் அவர் சொன்னபடியெல்லாம் கேட்டது. 1871இல் வெளியிட்ட நூலில், மனிதனைப் போலவே விலங்குகளுக்கும் நினைவாற்றல் உண்டு என்பதற்குச் சான்றாக இதை அவர் எழுதியிருக்கிறார்.

எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது அந்த நாய் துள்ளவில்லை என்பதே. இக்காலத்தில் கைப்பேசியைத் திறந்தால், போர்முனையிலிருந்து வீடு திரும்பும் படைவீரர் மேல் நாய் பாய்ந்து புரளும் படங்கள் நிறையக் காணக் கிடைக்கின்றன. பார்த்து நாங்களும் கண் கலங்கியிருக்கிறோம். ஆனால் அவற்றையே பார்த்துப் பழகியதால், துள்ளாத நாய் மறந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். டார்வினின் நாயைப் படம் பிடித்திருந்தால் அதை யார் பார்த்திருப்பார்கள்? ஒருவர் முன்னே நடக்கிறார், ஒரு நாய் பின்னே நடக்கிறது, அவ்வளவுதான். ஐந்தாண்டு நினைவு அதற்குள் இருந்தது.

நாய் நம்மை முதன்மையாக அறிவது மூக்கால் என்பதையும் மறக்கலாகாது. நாம் வளர்ந்திருப்போம், சடையை வெட்டியிருப்போம், கண்ணாடி போட்டிருப்போம். தூரத்தில் நிற்கும்போது நாய் குரைக்கவும் கூடும். அருகே வந்து மோந்த பிறகே அதற்கு நாம் நாமாகிறோம். பெல்ஃபாஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஹெப்பர் என்பவர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ இரண்டாண்டு பிரிந்திருந்த பின்னும் தாய்நாய் தன் குட்டியின் வாசனையை அறிந்துகொண்டது. குட்டியும் தாயின் வாசனையை அறிந்துகொண்டது. சுவீடன் நாட்டில் 12 நாய்களை வைத்துச் செய்து 2011இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், எஜமானர் அரைமணி கழித்து வந்தபோது காட்டியதைவிட, இரண்டு மணி கழித்து வந்தபோது நாய்கள் மிகுந்த வரவேற்புக் காட்டின. ஆக, போன நேரம் குறைவா நிறைவா என்பதும் அவற்றுக்கு ஏதோ ஒரு வகையில் தெரிகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2022இல் கண்டது இன்னும் வியப்பானது. பிரிந்திருந்த எஜமானரை மீண்டும் சந்திக்கையில் நாயின் கண்ணில் நீர் மிகுகிறது. பழகிய வேறொருவரைச் சந்திக்கும்போது அவ்வாறு மிகுவதில்லை. அதை அழுகை என்று சொல்லிவிட எங்களுக்குத் துணிவில்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடவும் இயலாது.

ஆகவே, "அது மறந்திருக்கும்" என்பது நாயைப் பற்றிய செய்தியன்று. விட்டுவந்தவர்கள் தங்கள் மனத்துக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். தாத்தாக்கள் எங்களை மன்னிப்பார்களாக.

வாதத்தின் மறுபாதி, பார்த்தால் ஏங்கிவிடும் என்பது. இதற்கு விடை சொல்வது அத்தனை எளிதன்று. இதற்கு நூல்களைவிட எங்கள் தோழியின் அனுபவமே உதவிற்று. அவள் தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். மணியின் பெயரை எழுதலாம் என்றாள்.

அவள் தந்தை ரயில்வேயில் பணிபுரிபவர். குவார்ட்டர்ஸில் இருந்தபோது மணி மூன்று மாதக் குட்டியாக வந்தது. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் கறுப்பு. சாதாரணத் தெருநாய் இனந்தான். மாற்றல் வந்தபோது புது ஊரில் மாடி வீடு, நாய் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். லெவல் கிராசிங்கில் இருந்த கேட் கீப்பர் குடும்பத்தாரிடம் மணியை விட்டுவிட்டு வந்தார்கள். அப்போது இவளுக்கு வயது பதிமூன்று.

திருமணத்துக்குப் போனவள், தாலி கட்டி முடிந்ததும் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டாள். பாசஞ்சர் வண்டி போவதற்காகக் கேட் மூடியிருந்தது. அந்தப் பக்கத்து வேப்பமரத்தடியில் மணி படுத்திருந்தது. இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள். தலையைத் தூக்கிப் பார்த்தது, எழவில்லை. வண்டி கடந்து போயிற்று. கேட் திறந்தது. இவள் அருகே போனதும் மணி எழுந்து நின்று உறுமிற்றாம்! அம்மா இவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். இவள் அசையாமல் நின்று, கையைத் தொங்கவிட்டபடி மெதுவாகப் பேசிக்கொண்டேயிருந்தாள். மணி செருப்பை மோந்தது. பாவாடை ஓரத்தை மோந்தது. உள்ளங்கையை மோந்தது. பிறகு தொண்டைக்குள்ளிருந்து நூல் போல ஒரு சத்தம் வந்ததாம். குட்டியாக இருந்தபோது மழையில் கத்திய அதே சத்தம் என்றாள். அதன்பின் அவள் பாதத்தின் மேலேயே சரிந்து படுத்துக்கொண்டது.

கேட் கீப்பரின் மனைவி வெளியே வந்து, "பாப்பாவா? அடையாளமே தெரியலையே! எனக்குத் தெரியல, இதுக்குத் தெரிஞ்சுருச்சு பாத்தியா?" என்றார்களாம்.

"அக்கா, நாங்க போனப்புறம் ரொம்ப அழுதுச்சா?"

"ஒரு வாரம் சோறு தின்னல பாப்பா. உங்க பழைய வீட்டு வாசல்லயே கெடந்துச்சு. புதுசா வந்தவங்க கல்லெடுத்து வெரட்டினாங்க. நாந்தான் தெனமும் தட்டத் தூக்கிட்டுப் போயி அங்கயே வச்சுட்டு வருவேன். அப்புறம் ஒரு நா ராத்திரி தானா வந்து படுத்துக்கிச்சு."

இவளுக்கு அந்த ஒரு வாரம் தெரியாது. மூன்று ஆண்டுகள் தெரியாமல் இருந்தது. தெரிந்துகொண்டதே போனதன் பயன் என்று எங்களில் சிலர் சொல்கிறோம்.

பேருந்துக்கு நேரமாயிற்று. இவள் கிளம்பியபோது மணியும் கூடவே வந்தது. சாலை வரை வந்தது. அப்போது அந்த அக்கா கேட்டடியில் நின்று "டேய் மணி" என்று ஒரு குரல் கொடுத்தார்கள். மணி இவளைப் பார்த்தது, அவர்களைப் பார்த்தது. பிறகு திரும்பி அவர்களிடம் ஓடிவிட்டது. பேருந்தில் இவள் அழுதுகொண்டே வந்தாளாம். ஆனால் எங்களிடம் சொன்னபோது, "அது என்கூட வந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? அது திரும்பிப் போச்சே, அதுதான் எனக்கு நிம்மதி" என்றாள். ஒரு மாதம் கழித்து அவள் தந்தை தொலைபேசியில் விசாரித்தார். மணி வழக்கம்போல் தின்றுகொண்டிருந்தது. தாத்தாவும் அதைக் கேட்டு "அப்படியா?" என்றதோடு சரி.

ஒரு மணியை வைத்து எல்லா நாய்களுக்கும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆயினும் ஒன்று விளங்குகிறது. மணி ஏங்கிப் போகாததற்குக் காரணம், அதற்குத் திரும்பிப் போக ஓர் இடமும் கூப்பிட ஒரு குரலும் இருந்தமையே. ஏக்கத்தை உண்டாக்குவது நாம் போய்ப் பார்ப்பதன்று, விட்டுவந்த இடத்தில் அதற்கு ஒருவரும் இல்லாமையே என்பது எங்கள் துணிபு.

கிரேக்க மகாகவி ஹோமரின் 'ஒடிசி'யில் இதற்கு நேர்மாறான காட்சி வருகிறது. ஒடிசியஸ் மன்னன் டிராய்ப் போருக்குப் போய் இருபது ஆண்டுகள் கழித்து, பிச்சைக்காரன் வேடத்தில் தன் அரண்மனை வாசலுக்கு வருகிறான். யாருக்கும் அவனைத் தெரியவில்லை. அவன் குட்டியிலிருந்து வளர்த்த ஆர்கஸ் என்னும் நாய் மட்டும் அறிந்துகொள்கிறது. காதைத் தாழ்த்தி வாலை ஆட்டுகிறது. எழுந்து வர வலுவில்லாமல் அங்கேயே உயிர்விடுகிறது. மன்னன் ஒருவருக்கும் தெரியாமல் கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறான். இதைப் படிப்பவர் யாவரும் நாயின் விசுவாசத்தைப் புகழ்வார்கள். அந்த நாய் எங்கே கிடந்தது என்பதைக் கவனித்தவர் எத்தனை பேர்? குப்பைமேட்டின் மேல், உண்ணி மொய்த்துக் கிடந்தது. எஜமானன் இல்லாத வீட்டில் வேலையாட்கள் எவரும் அதைக் கவனிக்கவில்லை என்று பன்றி மேய்ப்பவனான யுமேயஸ் வெளிப்படையாகவே சொல்கிறான். ஆக, இருபது ஆண்டுகள் அந்த வீட்டில் இருந்தும் ஆர்கஸுக்கு ஒரு கேட் கீப்பர் அக்கா வாய்க்கவில்லை.

நம் நாட்டிலும் நாயின் காவலைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனுடன் அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்ற அதன் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. ஜப்பானில் ஹச்சிகோ என்னும் நாய், 1925 மே மாதம் இறந்துபோன தன் எஜமானரான பேராசிரியர் உவேனோவை எதிர்பார்த்து, தான் இறந்த 1935 மார்ச் வரை ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது யாவரும் அறிந்ததே. 2015இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் திரும்பி வந்தது போலவும் ஹச்சிகோ அவர் மேல் தாவுவது போலவும் ஒரு சிலை வைத்தார்கள். உயிரோடு கூடாதவர்களை உலோகத்திலாவது கூட்டி வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் சிலைக்குப் பத்துப் பேர் மாலை போடும் நேரத்தில், உயிருள்ள ஒரு நாய்க்கு ஒருவர் சோறு போட்டால் போதும் என்றும் எங்களுக்குத் தோன்றுகிறது.

நம் திருவிவிலியத்தில் தோபித்து நூலைப் படித்தவர்களுக்கு வேறொரு நாய் நினைவுக்கு வரும். இளைஞன் தோபியா வானதூதர் இரபேலுடன் நெடும்பயணம் புறப்படுகையில் அவனது நாயும் கூடப் போகிறது. திரும்புகையிலும் கூடவே வருகிறது. பழைய இலத்தீன் பெயர்ப்பில், அது முன்னே ஓடி வாலைக் குழைத்து வீட்டாருக்குச் சேதி சொன்னதாகவே இருக்கிறது. மறைக்கல்வி வகுப்பில் மீனையும் பித்தப்பையையும் கேட்பார்கள். நாயைப் பற்றி ஒரு கேள்வியும் வந்ததில்லை! பிரிந்து கூடுவதைவிடப் பிரியாமலே போய் வருவது மேல் அன்றோ?

முடிந்தவர்கள் அப்படியே செய்யலாம். ரயிலில் நாயைக் கொண்டுபோக முதல் வகுப்பிலும் கார்டு பெட்டியிலும் வழி இருக்கிறது; முன்கூட்டியே விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும். 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் அடித்தபோது, நாயைக் கூட்டி வர அனுமதியில்லை என்றதால் வெள்ளத்தை விட்டு வெளியேற மறுத்தவர்கள் உண்டு. வேறு வழியின்றி விட்டுச் சென்று பின்னர் தேடி அலைந்தவர்களும் உண்டு. அதன் விளைவாக 2006இல், பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டமே வந்தது. நம் நாட்டிலும் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, பசியாலும் தாகத்தாலும் வருந்தும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம். முதல் முறைக்கு அச்சட்டம் குறித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அது இன்று ஒரு வேளைச் சிற்றுண்டிக்குக் காணாது.

இப்போது அரிசிமணி அளவில் ஒரு சில்லு வந்திருக்கிறது. கால்நடை மருத்துவர் அதை நாயின் தோலுக்கடியில் ஊசியால் செலுத்திவிடுவார். அதற்கு மின்கலம் வேண்டியதில்லை. கருவியை அருகே கொண்டுபோனால் பதினைந்து இலக்க எண் தெரியும். அந்த எண்ணைக் கொண்டு, தொலைந்துபோன நாய்கள் பல ஆண்டுகளுக்குப் பின்னும் வீடு சேர்ந்திருக்கின்றன. ஆனால் மாற்றலாகிப் போகும் நம் போன்றவர்கள் பதிவேட்டில் முகவரியை மாற்றாவிட்டால், அது பழைய வீட்டுப் பூட்டைத்தான் காட்டும்.

எனவே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டால், போய்ப் பாருங்கள் என்பதே எங்கள் கருத்து. ஆனால் நம்மை நினைவிருக்கிறதா என்று பரீட்சை வைப்பதற்காகப் போக வேண்டாம். போனவுடன் கட்டிப்பிடிக்கக் குனிய வேண்டாம். மணி உறுமியதை நினைத்துக்கொள்ளுங்கள். நின்று, மோந்து பார்க்க விடுங்கள். அதை இப்போது வளர்ப்பவர் முன்னால் "என் நாய், என் நாய்" என்று உரிமை கொண்டாடாதீர்கள். ஒரு வாரம் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் நீங்கள் அல்லர். கையில் பிஸ்கட்டோடு போவதைவிட அவ்வாண்டுத் தடுப்பூசிக்கான பணத்தோடு போவது நலம்.

எங்கள் வகுப்பில் இன்னும் இருவருக்கு வரும் மே மாதம் மாற்றல் வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அவர்களில் ஒருத்தியின் வீட்டில் செவலை நிறத்தில் ஒரு பெண்நாய் இருக்கிறது. உடன் கொண்டுபோக அவள் தந்தை முயன்று வருகிறார். இயலாவிட்டால் யாரிடம் விடுவது என்றும் முன்னரே பேசியாயிற்று. அந்த வீட்டுக்கு அதை வாரம் இருமுறை அழைத்துப் போய்ப் பழக்குகிறார்கள். கொடுக்கப்போகும் வீட்டாருக்கென்று அவள் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறாள். பெயர் ரோசி, வயது நான்கு. வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுதோறும் ஜூன் மாதம். சாம்பார் சாதம் தின்னாது, மோர் சாதம் தின்னும். பட்டாசுச் சத்தத்துக்குப் பயப்படும், தீபாவளியன்று கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்ள விடவும்.